கீழ் டிவிசனுக்கும் சைரன் கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் நிலையத்தின் தலைவர், பெருமதிப்புக்குரிய ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் அவர்களே, துணைவியார் பத்மாதேவி அம்மையாரைப் பறிகொடுத்த துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் திரு. நவரட்ணராஜா ஐயா அவர்களே, கண்டி நகரத்து அன்பர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தெல்தோட்டை மலையிலிருந்து வந்து பின்வரிசைக் கதிரைகளில் அமர்ந்திருக்கும் என் தோட்டத்துச் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பின்னால் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள். இங்கே கதிரைகள் வெறுமையாகத்தான் இருக்கின்றன. கூச்சப்பட வேண்டாம். பத்மாதேவி அம்மையார் இந்த மண்டபத்தில் இருந்திருந்தால், உங்களை முன்வரிசையில் இருத்தாமல் கூட்டத்தைத் தொடங்க விட்டிருப்பாரா?

என் பெயர் அழகமுத்து. அனர்த்த ஆய்வு நிலையத்தில் களப்பணிக்குப் பொறுப்பானவன். அம்மையாரோடு ஒரே கந்தோரில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். அவரைப் புகழ்ந்து பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். புகழ்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையில் எடுத்துக்கொண்ட பெரிய காரியம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால், அது அவருக்கே பிடிக்காது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே சிலருக்கு அது முழுதாகத் தெரியும். பலருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்தவர் திருமதி பத்மாதேவி நவரட்ணராஜா அவர்கள். ஐயா அப்போது மாநகர சபையில் வேலை பார்த்தார். அம்மையார் கணக்கியல் படித்தவர். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணிக்குள் வந்தார். பிறகு எங்கள் நிலையத்தில் மானிய முகாமையாளர் ஆனார்.

மானிய முகாமையாளர் என்றால் என்ன வேலை என்று தோட்டத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு நிதியம் ஒன்று ஆராய்ச்சிக்கென்று பணம் தருகிறது. அந்தப் பணம் சொன்ன காரியத்துக்குப் போகிறதா, ஆராய்ச்சி சொன்ன முறையில் நடக்கிறதா என்று பார்ப்பவர்தான் மானிய முகாமையாளர். மேசைக்குப் பின்னால் இருந்தபடியே செய்யக்கூடிய உத்தியோகம். அம்மையார் அப்படிச் செய்தாரா? தோட்டத்துக்குப் போகும் வழியில், கலஹா தாண்டியதும் வரும் வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு பயணத்திலும் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, தோடம்பழத் தோலை முகர்ந்துகொண்டே திரும்பி ஏறுவார். "இனி ஓடுங்கோ தம்பி" என்பார் சாரதியிடம். திரும்பிப் போகலாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த மானியம் எங்களுக்குக் கிடைத்தபோது கந்தோரே கொண்டாடியது. மனிதாபிமானப் பணியில் புதிய கண்டுபிடிப்புகளைச் சோதித்துப் பார்ப்பதற்கான மானியம் அது. உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பித்தார்கள். எங்கள் யோசனை இதுதான்: தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழைமானிகளை வைப்பது, மலைச்சரிவில் வெடிப்பு விரிகிறதா என்று பார்க்கும் கருவி பொருத்துவது, ஆபத்து நெருங்கினால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சைரன் அடிக்கச் செய்வது. சைரன் கேட்டதும் சனங்கள் மேட்டிலுள்ள பாடசாலைக்கு ஏறிப்போக வேண்டும். செலவு குறைந்த கருவி. சரிவந்தால் மலைநாடெங்கும் வைக்கலாம் என்று கனவு கண்டோம்.

அந்தத் தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பகுதி. இரண்டிலும் ஒரே மாதிரி லயங்கள். இரண்டுக்கும் மேலே ஒரே மலை. ஆனால் இது ஆராய்ச்சி அல்லவா? சைரன் இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே அது உதவுகிறதா என்று தெரியும்? அதனால் ஒரு டிவிசனுக்குச் சைரன். மற்ற டிவிசனுக்குக் கேள்விகள் மட்டும். எதற்கு எது என்பதை வெளிநாட்டில் ஒரு கணினி தெரிவு செய்தது. மேல் டிவிசனுக்குச் சைரன் விழுந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பு, நிதியத்தின் அதிகாரி கண்டிக்கு வந்திருந்தார். அம்மையார் அவரிடம் நேராகவே கேட்டார், கீழே இருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று. அந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. உதவுகிறது என்று நிரூபிக்காத கருவிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், நிரூபித்தால் ஆயிரம் மலைகளில் வைக்கலாம், முதல் மழைக்காலம் முடிந்ததும் இரண்டாம் கட்டத்தில் கீழ் டிவிசனுக்கும் கிடைக்கும் என்றார். அந்த வாக்கை நம்பி எங்கள் தலைவர் கையெழுத்து வைத்தார். அம்மையாரும் ஒப்புக்கொண்டார். அன்று மாலை கந்தோர்ப் படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னார்:

"அழகமுத்து, அவர் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனால் மழைக்கு இது விளங்குமோ?"

ஆராய்ச்சி தொடங்கியது. மேல் டிவிசனில் சைரன் பொருத்தினோம், பயிற்சி கொடுத்தோம். கீழ் டிவிசனுக்குக் கேள்விக்கொத்தோடு போனோம். "இந்தச் சைரன் மேல் டிவிசனுக்கு மட்டும், உங்களுக்கு இல்லை" என்று கீழே உள்ளவர்களுக்குத் தெளிவாகச் சொல்லும்படி எங்களுக்கு அறிவுறுத்தல். அப்படிச் சொல்லாவிட்டால் ஒப்பீடு கெட்டுப்போகுமாம். சொன்னோம். லயத்தில் குடும்பம் குடும்பமாக வாழும் ஒவ்வொரு காம்பராவிலும் சொன்னோம்.

இதோ இப்போது முன்வரிசைக்கு வந்து அமர்ந்திருக்கும் பாலம்மா அக்காவின் காம்பராவுக்கு அம்மையாரே ஒரு முறை வந்தார். "மழை பெய்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? அதிகம், கொஞ்சம், இல்லை" என்று ஒரு கேள்வி. பாலம்மா அக்கா கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"பயமா இருக்குன்னு எழுதிக்கங்கம்மா. போன தடவையும் அதத்தான் எழுதிக்கிட்டுப் போனீங்க."

அவருடைய கணவர் கறுப்பையா அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தார். "நம்ம பயத்த எழுதி எழுதி சீமைக்கு அனுப்புறாங்க புள்ள" என்றார். அம்மையாரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும் வழியில் அந்தக் கேள்வித்தாளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் மழைக்காலம் வந்தது. மேல் டிவிசனில் சைரன் அடித்தது. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போனார்கள். மலை சரியவில்லை. மீண்டும் அடித்தது. மீண்டும் போனார்கள். மீண்டும் சரியவில்லை. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். நல்ல செய்தி இல்லையா? ஆராய்ச்சிக்கு அது நல்ல செய்தி இல்லை. மேலேயும் ஒருவரும் சாகவில்லை, கீழேயும் ஒருவரும் சாகவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே சைரன் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததால் இரண்டாம் கட்டம் பற்றி இப்போது முடிவெடுக்க முடியாது என்று நிதியம் அறிவித்தது.

அம்மையார் மீண்டும் மீண்டும் கேட்டார். பதில் மரியாதையாக வந்தது. ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே வந்தது.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஆய்வின் முடிவுகளை வெளிநாட்டு நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் வெளியிடுவதற்கென்று மானியத்தில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையை எடுத்துக் கீழ் டிவிசனுக்குச் சைரன் வாங்கிப் பொருத்தினார். ஒளித்துச் செய்தாரா? இல்லை. செய்த அன்றே என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று நிதியத்துக்கு அறிவித்தார். அதற்கு முதல் நாள் எங்கள் தலைவர் அவரைக் கூப்பிட்டுப் பேசியபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"தங்கச்சி, நீங்க சொல்றது சரி. அல்லாஹ்வுக்கு முன்னால நீங்கதான் சரி," என்றார் ஹாஜியார். "ஆனா இத செஞ்சா இந்த நிலையத்துக்கு இனி ஒருத்தரும் மானியம் தரமாட்டாங்க. அதையும் யோசிங்க."

"யோசிச்சனான் ஹாஜியார். மழைக்காலம் வருகுது. என்னைப் பதவியிலயிருந்து நிப்பாட்டிப்போட்டு, நான் பிழை செய்தனான் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ. நிலையம் தப்பும்."

ஹாஜியார் அவரைப் பதவியிலிருந்து நிறுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. அதற்காக இந்த மேடையில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கணக்காய்வு வந்தது. அனுமதியில்லாத செலவு என்று தீர்ப்பானது. கீழ் டிவிசன் கருவிகளைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் டிவிசனுக்கான உதவியும் நிறுத்தப்படும் என்றார்கள். என்ன செய்வது? கீழே வைத்திருந்தால் மேலேயும் போகும். சபையோரே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

கழற்றுவதற்கு ஆட்களை அனுப்பியிருக்கலாம். அம்மையார் தானே போனார். லயத்து வாசலில் எல்லோரையும் கூட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாலம்மா அக்காதான் பேசினார்.

"கழட்டிக்கிட்டுப் போங்கம்மா. நீங்க மாட்டுனதே பெரிசு. நாங்க மழையப் பாத்துக்கிட்டே இருந்துக்கிறோம்."

"மேலை சைரன் அடிச்சால் நீங்களும் ஓட வேணும், விளங்குதோ? முந்திச் சொன்னதை மறந்திடுங்கோ. அது உங்களுக்கும்தான்," என்றார் அம்மையார். அதை ஒவ்வொரு காம்பரா வாசலிலும் போய்ச் சொன்னார். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதித்த ஒன்றை ஒரே மாலையில் அழிக்க முடியுமா?

ஐப்பசியில் மலை சரிந்தது. பகல் சாப்பாட்டு நேரம். மேலே சைரன் அடித்தது. மேல் டிவிசன் முழுவதும் பாடசாலைக்குப் போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தம் கீழ் டிவிசனுக்கும் கேட்டது. பாலம்மா அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கறுப்பையா அண்ணன் சோற்றுக்கு முன்னால் இருந்தார்.

"வாங்க, போயிருவோம்," என்றார் அக்கா.

"அது மேல் டிவிசனுக்கு அடிக்குது புள்ள. நீ புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போ. நான் சாப்புட்டுட்டு வாரேன்."

அக்கா போனார். மண் வந்து லயத்தை மூடியது. அண்ணன் வரவில்லை. அவரைப் போலவே, அது தங்களுக்கு இல்லை என்று நினைத்து இருந்தவர்கள் ஒருவரும் வரவில்லை. அவர்களுடைய பெயர்களை இந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில் தலைவர் வாசித்தார். அம்மையாருக்கு நடத்தும் கூட்டத்தில் அந்தப் பெயர்களை ஏன் வாசிக்க வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால், இப்போது விளங்கியிருக்கும்.

அம்மையார் அன்றே அங்கே வந்துவிட்டார். மண்ணை அகற்றிக்கொண்டிருந்த இடத்தில், மழையில் நனைந்தபடியே நின்றார். நான் குடை பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டார். அழவில்லை. "நான் கொஞ்சம் முந்தி வந்திருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். எதற்கு முந்தி என்று நான் கேட்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கதைபோல் தோன்றலாம். சில மாதங்களில் நிதியத்திலிருந்தும் ஆய்வை வடிவமைத்த வெளிநாட்டு ஆய்வாளர்களிடமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். உண்மையாகவே விசாரித்தார்கள், அவர்களில் ஒரு பெண் அழுததை நான் கண்டேன். பிறகு அம்மையாரின் அறையில் அமர்ந்து சொன்னார்கள்: இப்போது ஆய்வுக்கு முடிவு கிடைத்துவிட்டது. சைரன் இருந்த டிவிசனில் ஒருவரும் சாகவில்லை. இல்லாத டிவிசனில் செத்தார்கள். கருவி உதவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். நீங்கள் திரட்டிய தரவுகளை ஒப்படைத்தால், உலகமெங்கும் இதை எடுத்துச் செல்லலாம்.

கேட்ட மாதிரியே நடந்துவிட்டது பார்த்தீர்களா? ஆதாரம் வேண்டும் என்றார்கள். மலை கொடுத்துவிட்டது.

அவர்கள் போன பிறகு ஹாஜியார் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"குடுக்காதீங்க தங்கச்சி. செத்தவங்கட மய்யித்துகள வெச்சா அவங்க கட்டுரை எழுதணும்?"

அம்மையார் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

"குடுக்காமல் விட்டால் கறுப்பையா திரும்பி வருவாரோ ஹாஜியார்? எங்கயோ ஒரு தேசத்திலை இன்னொரு மலைக்குக் கீழை ஆரோ இருக்குதுகள். அதுகளுக்காவது அடிக்கட்டும்."

கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அடுத்த கட்டம் இதே தோட்டத்தில் தொடங்க வேண்டும், கீழ் டிவிசன் சனங்களுக்குப் பாதுகாப்பான இடம் தேடுவதும் அதில் சேர வேண்டும். ஆகட்டும் என்று வாயால் சொன்னார்கள். கட்டுரை வெளிவந்தது. பரிசும் கிடைத்தது. அடுத்த கட்டம் வேறொரு நாட்டுக்குப் போனது. இங்கே செய்ய வேண்டியது செய்து முடிந்துவிட்டது என்றார்கள். அந்தக் கட்டுரையில் கீழ் டிவிசனுக்கு ஒரு பெயர் இருந்தது. "ஒப்பீட்டுக் குழு." அவ்வளவுதான். நீங்கள்தான் அந்த ஒப்பீட்டுக் குழு.

அந்த வேறு நாட்டில் ஒரு மழை நாளில் சைரன் அடித்து, ஒரு கிராமம் முழுவதும் தப்பியது என்று பிற்பாடு செய்தி வந்தது. அம்மையார் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "அங்கையாவது அடிச்சிருக்கு" என்றார். சந்தோஷப்பட்டாரா என்று கேட்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹாஜியார் அன்று சொன்னபடியே நடந்தது. அதன்பிறகு எங்கள் நிலையத்துக்கு மானியம் வரவில்லை. ஊழியர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அம்மையாருக்குக் கொழும்பில் நல்ல உத்தியோகம் வந்தது. போகவில்லை. சம்பளம் இல்லாமல் தொடர்ந்து வந்தார். எதற்கு வந்தார்? தப்பியவர்களுக்கு வீடு கட்டக் காணி கேட்பதற்கு. பாலம்மா அக்காவும் மற்றவர்களும் பாவிக்காமல் மூடிக் கிடந்த பழைய தேயிலை ஆலையில், சாக்குத் தடுப்புகளுக்குள் இருந்தார்கள். சில மாதங்களுக்கு என்று சொல்லி வைத்த இடம். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்துவிட்டார்கள். ஆலைக்கு மேலேயும் அதே மலைதான்.

காணி அலுவல் பார்க்கும் அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனை தடவை போயிருப்பார்? கணக்குப் படித்தவர், அதை மட்டும் அவர் எண்ணவில்லை. காணி தோட்டத்துக்குச் சொந்தம் என்பார்கள். தோட்டத்தில் கேட்டால் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பார்கள். அதிகாரி மாறுவார். புதியவருக்கு முதலிலிருந்து சொல்வார். அவரும் மாறுவார். நவரட்ணராஜா ஐயா அவரைக் கச்சேரி வாசலில் இறக்கிவிட்டு, வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். "என்ன சொன்னவை?" என்று கேட்பார். "பிறகு வரட்டாம்" என்பார் அம்மையார். கணவன் மனைவிக்கு இடையில் அந்த ஆண்டுகளில் நடந்த பேச்சு பெரும்பாலும் இதுதான் என்று ஐயாவே என்னிடம் சொல்லி இருக்கிறார்.

நோய் வந்தது. தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாலம்மா அக்காவை நான் கூட்டிக்கொண்டு போனேன். அம்மையார் நன்றாக மெலிந்திருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காணி கிடைக்கேல்லை பாலம்மா" என்றார். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

அக்கா சொன்னதை அவருடைய அனுமதியோடு இந்தச் சபையில் சொல்கிறேன்.

"கெடைக்காதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்மா. நீங்க விடாம வந்துக்கிட்டு இருந்தீங்க. ஒங்க மொகத்துக்காக நாங்களும் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

அம்மையார் கண்களை மூடிக்கொண்டார். கையை விடவில்லை. சில நாட்களில் போய்விட்டார்.

அன்பர்களே, இந்த இடத்துக்கு வந்ததும் அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உரக்கச் சொல்லிவிட்டு அமர்வதுதான் முறை. நான் எப்படிச் சொல்வேன்? எங்களிடம் மானியம் இல்லை. கந்தோர் வாடகைக்கே ஹாஜியார் தன் கையிலிருந்து கொடுக்கிறார். காணி கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தால், முன்வரிசையில் இருப்பவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். அவர்களைத் தலையாட்ட வைக்க எனக்கு விருப்பமில்லை.

என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இனி எங்கள் நிலையம் எந்த ஆராய்ச்சிக்குக் கையெழுத்து வைத்தாலும், அதில் கேள்வி மட்டும் கேட்கப்படும் ஒரு லயம் இருக்காது. அப்படி ஒரு நிபந்தனை வைத்தால் யாரும் பணம் தரமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். தராமல் போகட்டும். வரும் செவ்வாய்க்கிழமை நானும் பாலம்மா அக்காவும் கச்சேரிக்குப் போகிறோம். பிறகு வரச் சொல்வார்கள். பிறகும் போவோம். கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகிறோம் என்று பொய் சொல்ல மாட்டேன். பத்மாதேவி அம்மையார் போன வழி அது, அதனால் போகிறோம்.

இன்னும் பேச நினைத்திருந்தேன். ஹந்தானை மலைப் பக்கம் மழை இறங்கிவிட்டது என்று வாசலில் நிற்பவர்கள் சொல்கிறார்கள். ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். அடுத்தது மௌன அஞ்சலி. தெல்தோட்டைக்குப் போக வேண்டியவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் அந்த மலைக்குக் கீழே தனியே இருக்கிறார்கள். இப்போதே எழுந்து போங்கள். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் இங்கே நிற்கிறோம்.